பத்தாம் பக்கம்

கொழும்பில் விசாரித்தோம்: எண்பத்தையாயிரம்.
சிவப்பு நிறமென்றால் இன்னும் ஐந்து கூட.
ஜெறாட் போனை வைத்துவிட்டு
"காத்துக்கே இந்த விலையோ?" என்றான்.

மறுநாள் ஸ்ரான்லி வீதியில்
மூன்று அங்குல எஸ்லோன் பைப், வெட்டுத்துண்டு ஒரு முழம்,
நாற்பத்தைந்து பாகை வளைவு இரண்டு,
கிளிப் நாலு.
கிணத்தடிக்கோ மலசலகூடத்துக்கோ என்று கேட்டார் கடைக்காரர்.
செலிக்காவுக்கு என்றேன்.
அது எந்த ஊர் என்பதுபோலப் பார்த்து
பில்லில் மலசலகூடம் என்றே எழுதினார்.

வெங்காயத் தோட்டத்து வோட்டர் பம்ப்பின் றப்பர்க் குழாய்
ஒரு சாண். அது இனாம்.
பில்டர் லொறியினுடையது.
பழசைத் தட்டிப் போடலாம் என்றான் அவன்.
உரும்பிராய்ச் செம்மண்ணை என் கார் தின்னாது,
புதுசுதான், என்று சண்டை பிடித்தேன்.
கார் என்னுடையது. என்னிலும் இரண்டு வயது மூப்பு.
லீசிங் இன்னும் பதினாலு மாதம்.

எல்லாமாக ஆறாயிரத்து நானூற்றுப் பத்து,
இரண்டு கொத்துரொட்டியும் சேர்த்து.

மிச்சம் இருந்தது சூடு.
எஞ்சினின் வெக்கை பில்டரில் அடிக்காமல்
நடுவே ஒரு தகடு வேண்டும்.
அச்சகத்தில் கழித்த அலுமினியம்
கிலோ கணக்கில் கிடைத்தது. மெல்லிசு,
முழங்காலில் வைத்தே மடிக்கலாம்.
விரித்துப் பார்த்தால் பத்திரிகையின் பத்தாம் பக்கம்:
நீலத்தில் எட்டு மரண அறிவித்தல்,
ஒரு சீமெந்து விளம்பரம்.

வெட்ட வெட்ட ஆட்கள் குறைந்தார்கள்.
பற்றரிக்கு இடம் விட்டதில் ஒரு ரீச்சர் போனா,
குழாய்க்குக் குடைந்த வட்டத்தில் இரண்டு பேர்.
கடைசியில் தங்கியவர்
அளவெட்டியைப் பிறப்பிடமாகவும்
இணுவிலை வதிவிடமாகவும் கொண்ட
இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர்
கதிரிப்பிள்ளை நல்லைநாதன்.
கோட்டுப் போட்ட படம்.
திருப்பிப் போடு, பாவம், முகத்தில் வெக்கை அடிக்கும் என்றேன்.
திருப்பினால் துளை ஒத்துவராது.
எஞ்சினைப் பார்த்தபடியே பூட்டினோம்.

முதல் ஸ்ராட்.
முள் ஏறியது, இறங்கியது, பிறகும் ஏறியது,
நித்திரையில் ஆரோடோ வாதாடுகிறவன்போல.
எங்கோ மெல்லிய விசில்.
"களவாக் காத்து இழுக்குது" என்றான் ஜெறாட்.
கை வைத்தோம். காது வைத்தோம்.
நான் சாமியறையிலிருந்து ஊதுபத்தி எடுத்து வந்தேன்.
குருநகர்ப் பெடியன், அதை
மெழுகுதிரிபோல நிமிர்த்திப் பிடித்தான்.
புகை எங்கே வளைந்து உள்ளே போகிறதோ
அங்கேதான் ஓட்டை.

பின்னேரம் ஆறு மணி. பொனற் திறந்திருக்க
நல்லைநாதன் முன்னால் சுழன்றது புகை.
மதிலுக்கு மேலால் எட்டிய கோமளா அக்கா
சட்டென்று கை கூப்பி,
கண்ணை மூடித் திறந்து,
அதற்குப் பிறகுதான் கேட்டா:
"ஆரது?"
ஸ்ரேசன் மாஸ்ரர் என்றேன். வேறென்ன சொல்ல.

இரண்டாம் வளைவுக்குக் கீழே புகை குனிந்தது.
கிளிப்பை அரைச் சுற்று இறுக்கினான்.
விசில் நின்றது.

விடிய ஐந்து மணிக்குப் பண்ணைப் பாலம்.
இரு பக்கமும் கடல், மீன்கூட்டுத் தடிகள்,
நடுவே நாங்கள்.
இரண்டாம் கியரில் நாலாயிரம் தாண்ட
கார் தொண்டையைத் திறந்தது.
ஜெறாட் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை,
பல்லுத்தான் தெரிந்தது.
போனில் நேரம் பிடித்திருந்தான்:
பழைய பெட்டியோடு போனதிலும்
கால் செக்கன் பிந்தி.
ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.
திருப்பி இன்னொருக்கா ஓடினோம்.

இப்போது புரட்டாதி.
மழைக்கு முன் குழாயின் வாயை உயர்த்த வேண்டும்,
ஒரு மிடறு வெள்ளம் குடித்தாலும் எஞ்சின் சரி.
இன்று பொனற்றைத் தூக்கினேன்.
கோட்டு முழுக்கப் பழுப்பாகிவிட்டது,
நெற்றியும் கண்ணாடியும் இருக்கிறது.
கீழே, தகவல்: மகன்,
ஒரு தொலைபேசி இலக்கம்.
கடைசி இரண்டு எண்ணும்
என்னுடைய ஆணித்துளைக்குள்.